பட்னாவின் விளக்குகள்: ‘லார்ட் ஜிம்’ நாவலில் யார் சாட்சி செல்லும்?

சும்மா_வாசகன்:

ஜோசஃப் கான்ராட்டின் ‘லார்ட் ஜிம்’ பற்றி இங்கே பழைய இழை ஏதும் இருக்கிறதா என்று தேடினேன், கிடைக்கவில்லை. அதனால் புதிதாகத் தொடங்குகிறேன்.

படிக்காதவர்களுக்காகக் கதை: எண்ணூறு ஹஜ் யாத்ரிகர்களோடு போகும் பட்னா என்ற பழைய நீராவிக் கப்பல், இரவில் எதன்மீதோ உரசி முன்பக்கம் ஓட்டையாகிறது. கேப்டனும் வெள்ளைக்கார அதிகாரிகளும் யாத்ரிகர்களைத் தூக்கத்திலேயே விட்டுவிட்டுப் படகில் தப்பிக்கிறார்கள். கப்பல் மூழ்கவே இல்லை. பிரெஞ்சுப் போர்க்கப்பல் ஒன்று அதை ஏடனுக்கு இழுத்துக்கொண்டு வந்து சேர்க்கிறது. விசாரணைக்கு வந்து நிற்பவன் இளம் மேட் (கேப்டனுக்குக் கீழுள்ள கப்பல் அதிகாரி) ஜிம் மட்டும். கேப்டன் வண்டி ஏறி ஓடிவிட்டான், இன்ஜினியர்கள் ஆஸ்பத்திரியில்.

என் கேள்வி இதுதான். முதல் நான்கு அத்தியாயங்களை எல்லாம் தெரிந்த ஓர் ஆசிரியக் குரல் சொல்கிறது. ஜிம்மின் மனசுக்குள் ஓடுவதுகூட அதற்குத் தெரியும். மூன்றாம் அத்தியாயக் கடைசியில் கப்பல் லேசாக அதிர்கிறது. நான்காம் அத்தியாயம் திறந்தால் ஒரு மாதம் கழித்து, கோர்ட்டு! நடுவில் நடந்ததைச் சொல்லியிருக்கக்கூடிய ஒரே குரல் சரியாக அந்த இடத்தில் வாயை மூடிக்கொள்கிறது. ஐந்தாம் அத்தியாயத்திலிருந்து கதை சொல்வது மார்லோ என்ற வேறொரு மாலுமி. அவன் அந்தக் கப்பலை எட்டிக்கூடப் பார்த்தவன் இல்லை. சம்பவத்தைப் பார்க்காத ஒருவன் கையில் மீதிக் கதை முழுவதையும் கான்ராட் ஏன் கொடுக்கிறார்? ‘நவீனத்துவம் அப்படித்தான்’ என்று சொல்லி முடித்துவிடாதீர்கள், அது எனக்கும் தெரியும்.


பழைய_பெஞ்சு:

வாசகன் தம்பி, நான் இலக்கியம் படித்தவன் இல்லை. கீழ்க் கோர்ட்டில் பெஞ்ச் கிளார்க்காக இருந்து ரிட்டயர் ஆனவன். இந்த நாவலை மகள் வாங்கிக் கொடுத்தாள், கோர்ட் சீன் வருது படிங்கப்பா என்று.

1872ஆம் வருஷத்துச் சாட்சியச் சட்டம் 60ஆம் பிரிவு எங்களுக்கு மனப்பாடம். பார்க்கக்கூடிய ஒரு விஷயம் என்றால், ‘நான் பார்த்தேன்’ என்று சொல்கிறவன் வந்துதான் சொல்ல வேண்டும். அந்தக் கணக்குப்படி மார்லோ சொல்வதில் முக்கால்வாசி செல்லாது. ஜிம் சொன்னதை அவன் சொல்கிறான். பட்னாவை இழுத்துவந்தபோது அதில் நின்ற பிரெஞ்சு லெப்டினன்ட் சொன்னதைச் சொல்கிறான். ஜிம்மை விசாரித்தவர்களில் ஒருவரான கேப்டன் பிரயர்லியின் சாவைப் பற்றி அவருடைய மேட் சொன்னதைச் சொல்கிறான். எல்லாம் கேள்விப்பட்ட சங்கதி. எங்கள் ஜட்ஜாக இருந்தால் ‘இறங்கய்யா கீழே’ என்றிருப்பார்.

ஆனால் ஒன்று. நேரில் பார்த்தவன் வந்து சொன்னால் மட்டும் அது அவன் பேச்சாகவா கோர்ட்டில் பதிவாகிறது? வெளியாளுக்கு இது தெரியாது. சாட்சி சொல்வதைக் கேள்வி, பதிலாக எழுதுவது அபூர்வம். ஜட்ஜ் கேட்டு, கோர்வையாகச் சொல்லச் சொல்ல டைப் ஆகும். குறுக்கு விசாரணையில் வக்கீல், ‘அன்னைக்கு அமாவாசை, இருட்டு, முகம் தெரியலை, சரிதானே?’ என்பார். சாட்சி தலையை ஆட்டுவான். பேப்பரில் என்ன வரும்? ‘சம்பவத்தன்று அமாவாசை என்றும் முகம் சரியாகத் தெரியவில்லை என்றும் சொன்னால் சரிதான்.’ சொன்னது முழுக்க வக்கீல். சாட்சியின் பங்கு ஒரு தலையாட்டல். கேள்வி மறைந்துபோய், எல்லாம் அவனே வாயைத் திறந்து சொன்ன மாதிரி நிற்கும். கடைசியில் ‘படித்துக் காட்டப்பட்டது, சரி’ என்று கையெழுத்து.

நான்காம் அத்தியாயத்தில் ஜிம் கூண்டில் நின்று தவிப்பது அதுதான் என்று படித்ததும் புரிந்துவிட்டது. கோர்ட் கேட்பது உண்மைத் தகவல்கள். அவன் சொல்ல வருவது வேறு. அதை எழுத அந்தப் பேப்பரில் இடம் கிடையாது.


கப்பக்காரன்:

பெஞ்சு ஐயாவுக்கு ஒரு சல்யூட். நான் மெர்ச்சன்ட் நேவி, செகண்ட் ஆபீசர். இலக்கியத்தை நீங்க பாத்துக்குங்க, விளக்கு சமாச்சாரத்தை மட்டும் சொல்லிட்டுப் போறேன். இந்த நாவல்ல அதுதான் வெயிட்டான இடம். கப்பல் தெரியாதவங்க அதைக் கவனிக்காம தாண்டிப் போயிடுவாங்க.

படகுல தப்பிச்சவங்க அத்தனை பேரும் ஒரே விஷயத்தைச் சொல்றாங்க: மழைக்காத்து அடிச்சது, திரும்பிப் பார்த்தோம், கப்பலோட விளக்கு இல்லை, மூழ்கிடுச்சு. ஜிம்மும் அதையேதான் மார்லோகிட்ட கத்துறான். விளக்கு போயிடுச்சு, இருந்திருந்தா நீந்தியாவது திரும்பிப் போயிருப்பேன்னு. யாரும் பொய் சொல்லலை. கூடிப் பேசி வச்சிக்கிட்டதும் இல்லை. ஆனா கப்பல் அங்கேயேதான் மிதக்குது, விளக்கும் எரியுது.

எப்படின்னா, கப்பலோட விளக்கு எல்லாத் திசைக்கும் தெரியாது. மாஸ்ட் மேல இருக்கிற வெள்ளை விளக்கு முன்பக்கமா 225 டிகிரிக்குத்தான் தெரியும். பக்கவாட்டுல சிவப்பு, பச்சை, ஒவ்வொண்ணும் 112.5 டிகிரி. பின்னால மிச்சம் இருக்கிற 135 டிகிரியில இந்த மூணும் தெரியாது. இப்ப பின்பக்கத்துக்குன்னு தனி விளக்கு இருக்கு. அந்தக் காலத்துல அதை நிரந்தரமா மாட்டியே ஆகணும்னு கட்டாயம் கிடையாது.

பட்னா முன்னால தண்ணி ஏறி மூக்கு குத்தி நிக்குது, பின்பக்கம் தூக்கிடுச்சு. காத்து வந்து அந்தத் தூக்கின பின்பக்கத்தைத் தள்ளினா என்ன ஆகும்? நங்கூரம் போட்ட மாதிரி கப்பல் சட்டுனு திரும்பி மூக்கைக் காத்துக்குக் காட்டி நிக்கும். படகு காத்து போற பக்கமா ஒதுங்கிக் கிடக்கு. அதனால அவங்க கண்ணுக்கு எதிர்ல இப்ப கப்பலோட முதுகு. சில நொடியில எல்லா விளக்கும் காணாமப் போயிடும். கான்ராட் இதை மார்லோ வாயில அப்படியே சொல்ல வைக்கிறார், ஒரு வரி பிசகில்லை. கடல்ல வேலை பாத்த ஆளு எழுதினதுன்னு அங்க தெரியும்.

கண்ணு சரியாத்தான் பாத்துச்சு, முடிவுதான் தப்பு. வாசகன் கேட்டதுக்கு இது பதிலான்னு தெரியலை. நேர்ல பாத்தவங்களையே வச்சுக் கதையை நடத்தியிருந்தா கப்பல் மூழ்கிப்போச்சுன்னுதானே கதை முடிஞ்சிருக்கும்?


தூத்துக்குடி_ராஜி:

அருமை கப்பக்காரரே. இதோடு ஐந்தாம் அத்தியாயத்து ஆஸ்பத்திரிக் காட்சியைச் சேர்த்துப் படியுங்கள். குடித்துக் குடித்து மூளை கலங்கிப்போன தலைமை இன்ஜினியரைப் பார்க்க மார்லோ போகிறான். அந்த ஆள் படுக்கையில் உட்கார்ந்துகொண்டு, ‘அது மூழ்கியதை நான் பார்த்தேன்’ என்கிறார். தன் கண் மட்டும்தான் அதைப் பார்க்கிற அளவுக்குக் கூர்மையாம், தன் கண்பார்வை பேர்போனதாம். அடுத்த மூச்சில், கப்பல் முழுக்க ஊர்வன என்கிறார். கட்டிலுக்கடியில் இளஞ்சிவப்புத் தேரைகள் கும்பல் கும்பலாக இருக்கின்றன, பாருங்கள் என்று மார்லோவைக் கெஞ்சுகிறார். மார்லோவும் குனிந்து பார்க்கிறான்!

வாசல்வரை வந்துவிட்ட மார்லோவை டாக்டர் கூப்பிட்டு, இந்த ஆளால் விசாரணைக்கு வர முடியாது, இவர் சாட்சி முக்கியமா என்று கேட்கிறார். கொஞ்சமும் இல்லை என்று மார்லோ பதில் கொடுத்துவிட்டுப் போகிறான்.

சிரித்துவிட்டு யோசித்துப் பாருங்கள். ‘கப்பல் மூழ்கியதைப் பார்த்தேன்’ என்பதில் இந்த ஆளுக்கும், தெளிவான புத்தியோடு இருக்கும் ஜிம்முக்கும் என்ன வித்தியாசம்? மார்லோ ஒருவர் சாட்சியைத் தள்ளிவிடுகிறான், மற்றவருக்கு முந்நூறு பக்கம் கொடுக்கிறான். ஜிம் பார்க்க நன்றாக இருக்கிறான், நல்ல குடும்பம், ‘நம்மில் ஒருவன்’. மார்லோ திரும்பத் திரும்பச் சொல்வது அதைத்தானே.


அரட்டை_அம்பி:

இதெல்லாம் நம்ம ‘அந்த நாள்’லயே வந்தாச்சு. 1954. எஸ்.பாலச்சந்தர். ஒரு கொலை, ஆளாளுக்கு ஒரு கதை, பாட்டே கிடையாது. கண்ணால் கண்டதும் பொய், காதால் கேட்டதும் பொய். முடிஞ்சுது.


பழைய_பெஞ்சு:

அம்பி, தீர விசாரிப்பதே மெய் என்று மூன்றாவதாக ஒன்று உண்டே, அதை விட்டுவிட்டீர்கள். தீர விசாரித்தும் கிடைக்காவிட்டால் என்ன என்பதுதான் இங்கே பேச்சு. ‘அந்த நாள்’ கடைசியில் போலீஸ் கொலையாளியைக் கண்டுபிடித்துவிடுகிறது, மறந்துவிட்டீரா?


மனவெளி:

‘அந்த நாள்’ பேச்சு வந்ததால் சுருக்கமாக: அதற்கு முன்னால் ஜப்பானியப் படம் ‘ராஷோமோன்’ (1950), அதற்கு மூலம் அகுதாகவாவின் சிறுகதை ‘தோப்புக்குள்’ (1922). சிறுகதையில் விறகுவெட்டியிலிருந்து ஆவி பிடித்த மந்திரக்காரி வாயிலாகப் பேசும் செத்தவன்வரை ஏழு பேர் வாக்குமூலம். விசாரிக்கிற அதிகாரி ஒரு வார்த்தை பேசுவதில்லை, தொகுத்துச் சொல்லவும் ஆள் இல்லை. கான்ராட் 1900இல் எழுதியதற்கு நேர் எதிர் வழி அது. அங்கே மார்லோவே கிடையாது.

நான் எழுத வந்தது வேறு. ‘லார்ட் ஜிம்’ பிளாக்வுட்ஸ் பத்திரிகையில் 1899 அக்டோபரிலிருந்து 1900 நவம்பர்வரை தொடராக வந்தது. கிட்டத்தட்ட அதே காலத்தில் கண்ணால் கண்ட சாட்சியின்மேல் இருந்த நம்பிக்கை வெளியுலகத்திலும் ஆட்டம் கண்டுகொண்டிருந்தது. லண்டனில் 1896இல் அடால்ஃப் பெக் என்பவரை, எங்களை ஏமாற்றி நகை பறித்தவன் இவன்தான் என்று பல பெண்கள் வரிசையாக வந்து அடையாளம் காட்டினார்கள். சிறை. 1904இல் மறுபடியும் அதேபோல அடையாளம், மறுபடியும் குற்றவாளி என்று தீர்ப்பு. அப்புறம்தான் நிஜமான ஆள் பிடிபட்டான். இங்கிலாந்தில் 1907இல் குற்றவியல் மேல்முறையீட்டு நீதிமன்றம் வந்ததற்கு அந்த வழக்கும் ஒரு காரணம்.

ஹார்வர்டில் இருந்த ஹியூகோ மன்ஸ்டர்பெர்க் 1908இல் சாட்சிகளின் உளவியல் பற்றி ஒரு புத்தகம் போட்டார். தன் கதையிலிருந்தே ஆரம்பிக்கிறார். அவர் வீட்டில் திருட்டு. நினைவாற்றலைப் பற்றிப் பாடம் நடத்துகிற பேராசிரியர் சத்தியம் செய்து சாட்சி சொல்கிறார். பிறகு பார்த்தால் திருடர்கள் உள்ளே வந்த வழி தப்பு, கடிகாரத்தைக் காகிதத்தில் சுற்றி வைத்திருந்தார்கள் என்றது தப்பு, அது மேசைவிரிப்பு. பொய் சொல்ல அவருக்கு ஒரு காரணமும் இல்லை.


பழைய_பெஞ்சு:

அந்தப் பேராசிரியரை விக்மோர் விட்டுவைத்தாரா? சாட்சியச் சட்டத்துக்கே பெரிய பெயர் விக்மோர். மறுவருஷமே ஒரு கற்பனை வழக்கு எழுதி, பேராசிரியரைக் கூண்டில் ஏற்றிக் குறுக்கு விசாரணை செய்து கிழித்துவிட்டார். உங்கள் ஆய்வுகூடம் கோர்ட்டுக்குச் சொல்லித்தர இன்னும் என்ன வைத்திருக்கிறது, எடுங்கள் பார்ப்போம் என்கிற மாதிரி.

சாட்சிகளை எண்ணாதே, எடை போடு என்று ஜட்ஜுகள் சொல்வார்கள். பெக்குக்கு எதிராக எண்ணினார்கள். பட்னா விசாரணையிலும் எண்ணியிருந்தால் விளக்கு அணைந்ததற்கு ஏகப்பட்ட சாட்சி.


சும்மா_வாசகன்:

இழை நான் நினைத்ததைவிட நன்றாகப் போகிறது. ராஜி சொன்னது உறுத்துகிறது. மார்லோவின் அதிகாரம் அவன் பார்த்ததிலிருந்து வரவில்லை, கேட்டவர்களின் எண்ணிக்கையிலிருந்தும் வரவில்லை. சாப்பாட்டுக்குப் பிறகு வராந்தாவில் சுருட்டோடு உட்கார்ந்திருக்கும் நண்பர்கள் அவன் பேச்சைக் கேட்கத் தயாராக இருக்கிறார்களே, அங்கிருந்து வருகிறது. இத்தனை நீளமாக ஒருவன் பேசுவானா என்று அந்தக் காலத்து விமர்சகர்கள் கேட்டார்கள். 1917இல் எழுதிய முன்னுரையில் கான்ராட் பதில் சொல்கிறார்: பார்லிமெண்டில் ஆறு மணி நேரம் பேசுகிறார்கள், மார்லோ சொல்லும் பகுதியை மூன்று மணி நேரத்துக்குள் வாசித்துவிடலாம். குறும்புதான். நீளத்தைப் பற்றிய கேள்விக்கு நீளத்தைப் பற்றிப் பதில். ‘அவனுக்கு எப்படித் தெரியும்’ என்ற பக்கமே தலைவைக்கவில்லை.

கப்பக்காரன், இது நிஜமாக நடந்த ஒரு சம்பவத்தை ஒட்டியது என்பார்களே, அதைப் பற்றித் தெரியுமா?


கப்பக்காரன்:

தெரியும் தெரியும். கப்பல் பேரு ‘ஜெட்டா’. 1880. சிங்கப்பூர்லேருந்து கிளம்பி, பினாங்குல ஆள் ஏத்திக்கிட்டு ஜெட்டா துறைமுகத்துக்குப் போகுது. தொள்ளாயிரத்துக்கும் மேல யாத்ரிகர்கள், பொம்பளை, குழந்தைங்க உள்பட. கடல் ரொம்ப மோசம். பாய்லர் இருந்த இடத்தைவிட்டு ஆட்டம் கண்டு, தண்ணி உள்ள வர ஆரம்பிச்சிடுச்சு. ஆகஸ்ட் 8ஆம் தேதி, குவார்டஃபூய் முனைக்குப் பக்கத்துல, கேப்டன் ஜோசஃப் கிளார்க், அவர் சம்சாரம், சீஃப் மேட் ஆகஸ்டின் பாட்மோர் வில்லியம்ஸ், இன்னும் சிலர் படகுல இறங்கிட்டாங்க. ‘சிந்தியா’ங்கற கப்பல் அவங்களைப் பொறுக்கிக்கிட்டு ஏடன்ல கொண்டுபோய் விட்டுச்சு. கப்பல் போச்சு, ஆளும் போச்சுன்னு தகவல் குடுத்தாங்க. தந்தி லண்டனுக்குப் போயி பேப்பர்ல வந்த சூட்டோட, ‘ஆன்டினார்’ங்கற இன்னொரு கப்பல் ஜெட்டாவைப் பத்திரமா இழுத்துக்கிட்டு அதே ஏடனுக்குள்ள நுழையுது! அந்தச் சீனை நினைச்சுப் பாருங்க.

ஏடன்ல விசாரணை. அப்ப ஏடன் பம்பாய் மாகாணத்து நிர்வாகத்துல இருந்துச்சு. கிளார்க்கோட சர்டிபிகேட் மூணு வருஷத்துக்கு சஸ்பெண்ட். வில்லியம்ஸ் பிற்பாடு சிங்கப்பூர்ல கப்பலுக்குச் சாமான் சப்ளை பண்ற கம்பெனியில வேலை பாத்தார். ஜிம்மும் அதே தொழில்தான் பாக்குறான். கான்ராட் 1880கள்ல சிங்கப்பூர் போய்வந்த ஆளு, துறைமுகத்துல இந்தக் கதை காதுல விழாம இருந்திருக்காது.


தூத்துக்குடி_ராஜி:

இங்கேதான் எனக்குக் கோபமே வருகிறது. நிஜ ஜெட்டாவில் யாத்ரிகர்கள் தூங்கவில்லை. தண்ணீர் இறைத்தார்கள். அதிகாரிகள் படகை இறக்குவதைப் பார்த்துத் தடுத்தார்கள், கைகலப்பு நடந்தது. எங்களைக் கொல்லப் பார்த்தார்கள், அதனால் ஓடினோம் என்பதுதான் கேப்டன் தரப்பு வாதம். கப்பல் மிதந்ததில் அந்த ஜனங்களின் கைக்குப் பங்கு உண்டு.

கான்ராட் என்ன செய்கிறார்? எண்ணூறு பேரையும் தூங்கவைத்துவிடுகிறார். ஜிம்மின் தனிப்பட்ட தர்மசங்கடம் சுத்தமாகத் தெரிய வேண்டும் என்றால் மற்றவர்கள் விழித்திருக்கக் கூடாது. அந்த இரவில் ஜிம்மின் கையைப் பிடித்து ஒரே ஒரு யாத்ரிகன் பேசுகிறான். ஒரே சொல்: தண்ணீர். இவன் கூச்சல் போட்டு எல்லோரையும் எழுப்பிவிடுவானோ என்று பயந்து ஜிம் கையிலிருந்த விளக்கால் அவன் முகத்தில் அடிக்கிறான். கேட்டது தாகத்துக்கு, பிள்ளைக்கு உடம்பு சரியில்லை. பிறகு தன் தண்ணீர்ப் புட்டியைக் கொடுத்துவிட்டுப் போகிறான். இந்தச் சம்பவமும் நமக்குத் தெரிவது ஜிம் மார்லோவிடம் சொன்னதால்தான். அடிபட்டவனைக் கோர்ட்டும் கூப்பிடவில்லை, மார்லோவும் தேடிப்போகவில்லை. இந்த மார்லோ பிரெஞ்சு லெப்டினன்டைச் சிட்னியில் பிடித்துப் பேசிய ஆள்!


பழைய_பெஞ்சு:

ராஜி அம்மா, கோபம் நியாயம். ஆனால் கோர்ட் இரண்டு மலாய்க்காரர்களைக் கூப்பிட்டது. சுக்கான் பிடித்தவர்கள். அதிகாரிகள் ஓடிய பிறகும் சக்கரத்தை விடாமல் நின்றவர்கள். எட்டாம் அத்தியாயம். எனக்கு அந்த நாவலிலேயே பிடித்த இடம் அதுதான்.

முதல் ஆளிடம், அப்போது என்ன நினைத்தாய் என்று மொழிபெயர்ப்பாளர் மூலமாகக் கேட்கிறார்கள். அவன் ஒன்றும் நினைக்கவில்லை என்கிறான். அடுத்தவன் வயசானவன். வெள்ளைக்காரர்கள் சாவுக்குப் பயந்து ஓடுவார்கள் என்று அப்போதும் தோன்றவில்லை, இப்போதும் நம்பவில்லை, ஏதோ ரகசியக் காரணம் இருந்திருக்கும், தனக்கு நெடுநாள் அனுபவம் என்கிறான். அப்புறம் தான் வேலை பார்த்த பழைய கேப்டன்களின் பெயர், கப்பல்களின் பெயர் என்று அடுக்கிக்கொண்டே போகிறான். நிறுத்துகிறார்கள். கோர்ட்டில் ஒரே அமைதி.

கூண்டில் இப்படி ஆட்களை நிறையப் பார்த்திருக்கிறேன். கேட்டது ஒன்று, அவன் சொல்வது தன் ஆயுசு முழுவதையும். ஜட்ஜ் ‘கேட்டதுக்கு மட்டும் பதில்’ என்பார். ஆனால் அந்த ஆள் தன் தகுதியைத்தான் நிறுவிக்கொண்டிருக்கிறான், ‘நான் யாரென்று தெரிந்துகொண்டு என் பேச்சை எடை போடு’ என்று. ஐரோப்பிய வராந்தாவில் மார்லோவுக்குத் தானாகக் கிடைத்த மரியாதையை இவன் கப்பல் பெயர்களைச் சொல்லி வாங்கப் பார்க்கிறான். முடியவில்லை.


தூத்துக்குடி_ராஜி:

அந்த வரிசையைக் கான்ராட் எழுதினார், அதை மறுக்கவில்லை. ஆனால் மார்லோ அதை வேடிக்கைபோலச் சொல்லிவிட்டு ஒரு பத்தியில் தாண்டுகிறான். பிரெஞ்சு லெப்டினன்ட் முப்பது மணி நேரம் அந்தக் கப்பலில் நின்றதற்கு எத்தனை பக்கம்! கயிற்றை வெட்டக் கோடாலியோடு இரண்டு பேர், சாப்பாட்டோடு குடிக்க வைன் இல்லை என்ற குறைவரை எழுதுகிறான். மலாய்க்காரர்கள் அதற்கு முன்னாலிருந்தே அங்கே நின்றவர்கள். அவர்கள் சாப்பிட்டார்களா?


வல்வைக்கரை:

ராஜி சொல்லுறதோட எனக்கு உடன்பாடுதான், ஆனால் கான்ராட்டையும் மார்லோவையும் ஒரே ஆளாக வைத்துப் பேசக்கூடாது. 36ஆம் அத்தியாயத்தைப் பாருங்கோ. வராந்தாக் கூட்டம் கலைஞ்சு போகுது, ஒருத்தரும் ஒரு கருத்தும் சொல்லாமல். அவர்களில் ஒரே ஒரு ஆளுக்குத்தான் மிச்சக் கதை தெரியவருகிறது, தபாலிலை வந்த பொதியிலை. அந்த ஆள் யார்? கறுப்பு, மண்ணிறத் தோல்க்காரருக்காக ஒருவன் தன்ர வாழ்க்கையைக் குடுக்கிறது ஆத்மாவை ஒரு மிருகத்துக்கு விக்கிறதுபோல எண்டு முன்னர் சொன்ன மனுசன். ஜிம் பிறகு போய்ச் சேர்ந்த பட்டுசான் எண்ட கிழக்காசிய ஊரின்ர மக்களோட அவன் எப்பிடி வாழ்ந்து செத்தான் எண்ட சாட்சியத்தை, அதை நம்பவே மாட்டன் எண்டு நிக்கிற ஆளிட்டைக் கான்ராட் அனுப்பிவிடுறார். இது தற்செயல் எண்டு நான் நினைக்கேல்லை. நாங்கள் அந்த ஆளின்ர தோளுக்குப் பின்னால நின்றுதான் கடைசிப் பத்து அத்தியாயத்தை வாசிக்கிறம்.

இதை, அப்ப பெல்ஜிய மன்னன் லியோபோல்டின்ர கையிலை இருந்த கொங்கோவோட சேர்த்துப் பாருங்கோ. 1890இலை கான்ராட் கொங்கோ போன இடத்திலை ரோஜர் கேஸ்மென்டைச் சந்திச்சவர். கேஸ்மென்ட் 1903இலை பிரிட்டிஷ் தூதராக ஊர் ஊராய்ப் போய், ரப்பருக்காகக் கை வெட்டப்பட்டவர்களின்ர வாக்குமூலங்களை எழுதி எடுத்தார். 1904இலை அறிக்கை அச்சானபோது பிரிட்டிஷ் வெளியுறவு அலுவலகம் பெயர்களை எடுத்துவிட்டு வெறும் எழுத்துகளைப் போட்டது. கேஸ்மென்டுக்குக் கடும் ஆத்திரம். எபொண்டோ எண்ட ஒரு இளைஞன், கையை வெட்டினது சிப்பாய் எண்டவன், பிறகு கொங்கோ அதிகாரிகள் விசாரிச்ச இடத்திலை காட்டுப்பன்றி கடிச்சது எண்டு மாத்திச் சொல்லவேண்டி வந்தது. அடுத்து வந்த விசாரணைக் கமிஷன் எடுத்த நூற்றுக்கணக்கான சாட்சியங்கள் அச்சேறவேயில்லை, பிரசெல்ஸ் ஆவணக் காப்பகத்திலை பல பத்தாண்டுகள் பூட்டிக் கிடந்தது. கண்ணால் கண்டவர்கள் இல்லாமல் இல்லை. அவர்களின்ர பேச்சு ஒரு வெள்ளைக்காரன்ர கையெழுத்துக்குக் கீழை வந்தால்தான் லண்டனிலை செல்லும்.


பழைய_பெஞ்சு:

எபொண்டோ. பிறழ்சாட்சி என்று ஒரு சொல்லில் எழுதிவிட்டு அடுத்த சாட்சியைக் கூப்பிடுவோம். யார் போய் அவனை என்ன சொல்லிப் பிறழவைத்தார்கள் என்பது வழக்குக் காகிதக் கட்டில் இருக்காது.


அரட்டை_அம்பி:

சரி, நான் இன்னைக்குத்தான் நாவலைத் தரவிறக்கினேன். ‘அந்த நாள்’ பேச்சுக்கு மன்னிச்சிடுங்க. இதே ரகத்துல சின்னதா வேற ஏதாவது இருக்கா? இது நீளம்.


மனவெளி:

ஹென்றி ஜேம்ஸின் ‘தி டர்ன் ஆஃப் தி ஸ்க்ரூ’, 1898. ஆவிகளைப் பார்த்ததாகச் சொல்பவள் ஆசிரியைதான், பக்கத்தில் நிற்கும் வீட்டுப் பணிப்பெண்ணுக்கு ஒன்றும் தெரியவில்லை. அந்தக் கையெழுத்துப் பிரதியையும் வேறொருவர் கணப்படுப்புப் பக்கத்தில் உட்கார்ந்து வாசிக்கிறார். ஃபோர்டின் ‘தி குட் சோல்ஜர்’ (1915) இன்னொன்று. ஒன்பது வருஷம் தன் கண்ணெதிரில் நடந்ததைப் பார்க்காத கணவன் சொல்லும் கதை. ஃபோர்டும் கான்ராட்டும் சேர்ந்து நாவல்கள் எழுதியவர்கள். ஆனால் அம்பி, ‘லார்ட் ஜிம்’மையே படியுங்கள். ஐந்து, எட்டு, பன்னிரண்டு அத்தியாயங்களை விடாதீர்கள்.


சும்மா_வாசகன்:

வல்வைக்கரை சொன்ன 36ஆம் அத்தியாயத்தை எடுத்து மறுபடி படித்தேன். அங்கே மார்லோ எழுதுகிறான்: எனக்குக் கிடைத்த தகவல் துண்டு துண்டானது, நான் அவற்றைப் பொருத்திவிட்டேன். ஜிம்மின் முடிவை அவன் யாரிடமிருந்து பொருத்துகிறான்? ஜிம்மின் சாவுக்குக் காரணமான ஜென்டில்மேன் பிரவுன் பாங்காக்கில் சாகக் கிடக்கிறபோது சொன்னது பாதி. ஜிம்மோடு கடைசிவரை நின்ற அவன் வேலைக்காரன் தம்ப் இதம் சொன்னது பாதி. பெஞ்சு ஐயா, பிரவுன் பேச்சு உங்கள் கோர்ட்டில் மரண வாக்குமூலமாகச் செல்லுமா?


பழைய_பெஞ்சு:

செல்லாது. பழைய சட்டத்தின் 32வது பிரிவுப்படி, சாகிறவன் தன்னுடைய சாவு எதனால் வந்தது என்று சொன்னதைத்தான் மரண வாக்குமூலமாக எடுப்பார்கள். பிரவுன் சொல்வது இன்னொருத்தன் சாவைப் பற்றி. அதிலும் பெருமையடித்துக்கொண்டு. எங்கள் கோர்ட்டில் எழுதிக்கூட வைக்க மாட்டார்கள்.

தம்ப் இதமைக் கூப்பிடுவோம். ஜிம்மின் செய்தியோடு படகில் போனவன், பிரவுன் கும்பலின் தாக்குதலைப் பார்த்தவன், பட்டுசான் தலைவர் தோராமின் ஜிம்மைச் சுடத் துப்பாக்கியைத் தூக்கின அன்றைக்கு ஊரில் இருந்தவன். பி.டபிள்யூ.1, அதாவது அரசுத் தரப்பு முதல் சாட்சி, அவன்தான்.


தூத்துக்குடி_ராஜி:

மார்லோ கூப்பிட்டிருக்கிறான், ஜிம்மைப் பட்டுசானுக்கு அனுப்பிய வியாபாரி ஸ்டைன் வீட்டில் வைத்துப் பேசியிருக்கிறான். ஆனால் பிரவுனுக்கு மேற்கோள்குறி போட்டுப் பக்கம் பக்கமாகப் பேச விடுகிறான், மூச்சிரைப்பு உள்பட. தம்ப் இதம் சொன்னது பெரும்பாலும் மார்லோ சொல்வதாகக் கரைந்துபோயிருக்கிறது. ஐயா முதலில் சொன்ன ‘என்று சொன்னால் சரிதான்’ அங்கே அப்படியே இருக்கிறது. 44, 45ஆம் அத்தியாயங்களில் எந்த வாக்கியம் தம்ப் இதமுடையது, எது மார்லோவுடையது என்று பென்சிலால் பிரித்துக் குறித்துக்கொண்டு வருகிறேன். வல்வைக்கரை, நீங்களும் செய்யுங்கள், ஒத்துப் பார்க்கலாம்.


வல்வைக்கரை:

செய்யிறன். ஆனால் சொல்லிவிடுறன், 44இல் எனக்கு இப்பவே ஒரு பத்தி யாருடையது எண்டு பிடிபடேல்லை. படகு மூடுபனிக்குள்ள போற இடம். பிரவுனும் அங்கே, தம்ப் இதமும் அங்கே, சொல்லுறது மார்லோ.